இரண்டு முரடர்களும் ஒரு அம்பயரும்

எங்கள் பக்கத்து வீட்டை ஒரு அயர்லாந்துக்காரர் வாங்கியது வீட்டைப் பார்த்து அல்ல, எங்கள் பகுதியின் பெயரைப் பார்த்து. ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் இடத்துக்கு வெக்ஸ்போர்ட் என்று பெயர். அயர்லாந்திலும் வெக்ஸ்போர்ட் என்று ஒரு மாவட்டம் இருக்கிறதாம். அவர் அந்த மாவட்டத்துக்காரர் இல்லை. அதற்கு எல்லை போட்டிருக்கும் இன்னொரு மாவட்டத்துக்காரர். ஹர்லிங் என்ற விளையாட்டினால் இரண்டு மாவட்டங்களுக்கும் பரம்பரைப் பகை. எதிரியின் பெயர் கொண்ட இடத்தில் போய்க் குடியிருந்தால் நல்ல பகிடியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அவருடைய தாயாருக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை. மகன் எங்கே இருக்கிறான் என்று யாராவது கேட்டால், ரொறன்ரோவில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் என்று மட்டும்தான் அந்த அம்மா சொல்வாராம்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. முதலில் அவரை அறிந்தது அவருடைய பந்தின் மூலம். குளிர் விட்ட ஒரு மே மாத மாலையில், வீட்டுக்குள் ஏழு மாதம் பிள்ளையைப் போல வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலைச் சாடியை என் மனைவி அன்றுதான் பின்வளவுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். வேலிக்கு மேலால் ஏதோ ஒன்று விர்ரென்று வந்தது. சாடி இரண்டாகப் பிளந்தது. தோல் போர்த்து வரம்பு வரம்பாகத் தைத்த, கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுச் சிறிய ஒரு வெள்ளைப் பந்து மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. நான் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு மேலே ஒரு சிவந்த முகமும், அதன் பக்கத்தில் நுனி அகன்ற ஒரு மரக்கட்டையும் தெரிந்தன. மனைவி பொலிசுக்கு அடிப்பதற்குக் கைபேசியை எடுத்துவிட்டார்.

அந்த முகம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த நாள் புதுச் சாடியும் அதில் ஒரு செடியுமாக வாசலில் வந்து நின்றது. கறிக்குப் போடும் இலை என்று கடைக்காரரிடம் கேட்டு அவர் வாங்கி வந்தது பிரிஞ்சி இலைச் செடி. மனைவி முகம் கோணாமல் வாங்கி வைத்துக்கொண்டார். பிளந்த சாடியின் செடி வேறொரு வாளியில் பிழைத்துக்கொண்டது. அன்று தொடக்கம் நாங்கள் அயலவர்கள் ஆனோம்.

அவர் மின்சார வேலை செய்பவர். நாற்பதை நெருங்கும் வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு மேற்கே ஒரு மைதானத்தில் ஹர்லிங் விளையாடுவார். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை நான் கிரிக்கெட்டுக்கு அப்பால் எதையும் முழுதாகப் பார்த்தவன் அல்ல. ஹர்லிங்கை எப்படிச் சொல்வது? ஹொக்கி விளையாட வந்தவர்களுக்கு யாரோ தடியை இடுப்புக்கு மேலே தூக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்; பந்தைக் கையால் பிடிக்கலாம் என்று வேறொருவர் சொல்லிவிட்டார்; நிறுத்து என்று சொல்வதற்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. பந்தைத் தடியின் நுனியில் வைத்துக்கொண்டே ஒருவர் முழு வேகத்தில் ஓடுகிறார். அவரைச் சுற்றி மூன்று பேர் தடியை ஓங்குகிறார்கள். எல்லாரும் தலைக்கவசம் போட்டிருந்தார்கள். ஆனால் முன்பெல்லாம் அதுவும் இல்லை என்று என் அயலவர் பெருமையோடு சொன்னார்.

நான் அங்கே அம்பயர் ஆனது ஒரு விபத்து. கோல் கம்பங்கள் ஆங்கில எச் எழுத்தைப் போல நிற்கும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பந்து போனால் கோல், பச்சைக் கொடி. மேலே போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. ஒவ்வொரு கோலுக்கும் இரண்டு அம்பயர்கள், கம்பத்துக்கு ஒருவராக நிற்க வேண்டும். ஒரு கழகம் ஒருவரையும் மற்றக் கழகம் மற்றவரையும் கொடுக்கும். அன்றைக்கு வரவேண்டியவர் வரவில்லை. என் அயலவர் என்னைக் காட்டி, இவர் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறார், காரை அடித்தார்களா, தானாகப் போய் முட்டியதா என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் இவருக்குத் தொழில், இவருக்கு ஒரு பந்தைப் பார்க்கத் தெரியாதா என்று வாதாடினார். எனக்கு ஒரு நீளமான வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டார்கள். விதியை ஒரு நிமிடத்தில் சொல்லித் தந்தார்கள். பந்து கம்பத்தைவிட உயரமாகப் போனால், கம்பம் வானம் வரைக்கும் வளர்ந்திருக்கிறதாக நினைத்துக்கொண்டு, அதற்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். வானம் வரைக்கும் என்பதை இரண்டு முறை சொன்னார்கள்.

அந்தக் கோட்டோடு நான் நின்ற படத்தை மனைவி தன்னுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தக் கிழமையே டோர்செட் பார்க்கில் இருக்கும் ஒரு தூரத்து உறவு அன்ரி எனக்குப் போன் எடுத்தார். நான் டொக்டர் என்று இவ்வளவு நாளும் தனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு, தன் முழங்கால் வலியை விரிவாகச் சொன்னார். நான் இல்லை அன்ரி, இது விளையாட்டு என்றேன். எனக்கு விளையாட்டில்லை தம்பி, படி ஏறேலாமக் கிடக்கு என்றார். கடைசியில் மனைவியிடம் போனைக் கொடுத்தேன். மனைவி ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. ஒரு மாதிரிச் சமாளித்தார்.

ஆட்டம் முடிந்த மாலைகளில் அயலவரின் பின்வளவில் இறைச்சி வாட்டுவார்கள். அவருடைய கழகத்து ஆட்கள் மூன்று நான்கு பேர் வருவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும்: ஹர்லிங் வரலாற்றிலேயே மிகவும் முரட்டு ஆட்டக்காரர் யார்? எங்கள் ஆட்கள் சினிமா நடிகர்களுக்காகச் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இது அதைவிட மோசம். ஒருவர், காறை எலும்பு முறிந்த பிறகு கையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு மற்றக் கையால் ஆடி முடித்த ஒருவரைச் சொல்வார். இன்னொருவர், முன்பல் விழுந்த கோல் காவலர் ஒருவரைச் சொல்வார்: பல்லை அம்பயர் சேற்றுக்குள் தேடி எடுத்துத் தன் கோட்டுப் பையில் பத்திரப்படுத்தினாராம். அதைக் கேட்ட பிறகு நான் என் கோட்டுப் பைகளை ஒருமுறை துழாவிப் பார்த்தேன். மூன்றாமவர், குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த ஒருவரைச் சொல்வார். விளையாடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. மனுசன் கள்ளப் பெயரில் வந்து விளையாடினார். ஆளை விழுத்திவிட்டுக் குனிந்து மெதுவாக ஒரு செபம் சொல்லுவாராம். அது விழுந்தவருக்காகவா தனக்காகவா என்று ஒருவருக்கும் தெரியாது.

என் அயலவரின் வாக்கு எப்போதும் ஒருவருக்குத்தான். அவருடைய மாவட்டத்துக்கு முன்னொரு காலத்தில் விளையாடிய ஒரு பின்காவலர். கோலுக்கு நேர்முன்னே நின்று எதிரணியில் கோல் அடிக்க நிற்கும் முன்னணி ஆட்டக்காரரை மறிப்பது அந்த இடத்தின் வேலை. அவர் மறித்த ஆட்கள் அடுத்த நாள் வேலைக்குப் போக மாட்டார்களாம். சுண்டுவிரல் முறிந்தபோது அதைத் தடியோடு சேர்த்துக் கட்டச் சொன்னாராம். விரல் அந்தக் கோணத்திலேயே பொருந்திவிட்டது என்றார் அயலவர், கண்ணில் பக்தியோடு.

இந்தக் கதைகளை நான் வீட்டில் போய்ச் சொன்னால் மனைவி கறியைக் கிளறிக்கொண்டே கேட்பார். உவையள் எல்லாரும் எங்கடை வார்டுக்கு வந்தால் ஊசியைக் கண்டு அழுகிற ஆக்கள்தான் என்பார். அவருடைய அனுபவத்தில் ஆள் எவ்வளவு பெரிதோ அழுகையும் அவ்வளவு பெரிதாம்.

போன கோடையில் அந்தப் பின்காவலரே ரொறன்ரோவுக்கு வந்தார். கழகங்களுக்கு இடையிலான ஒரு போட்டிக்குக் கோப்பை வழங்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பயணச் செலவைக் கழகம் கொடுக்க முன்வந்தபோது, நான் எப்படியும் வருவதாக இருந்தேன் என்று சொல்லி மறுத்துவிட்டாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரைக் காரில் ஏற்றி இறக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கழகத்தோடு சம்பந்தப்பட்டவர்களில் பியர் குடிக்காத ஆள் நான் ஒருவன்தான்.

விமான நிலையத்தில் அவரைக் கண்டபோது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. எழுபது வயது தாண்டிய, நன்றாக அயன் பண்ணிய சேட்டுப் போட்ட, அமைதியான ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற தபாலதிபர் என்றால் நம்பலாம். கை கொடுத்தபோதுதான் தெரிந்தது. என் கை அவருடைய கைக்குள் காணாமல் போனது. அந்தச் சுண்டுவிரல் மட்டும் வெளியே விலகி, வேறு யாருக்கோ வழி காட்டிக்கொண்டிருந்தது. இவரை இனிப் பெரியவர் என்றே சொல்கிறேன். அவர் பேசியது ஆங்கிலம்தான், அதுவும் நான் பாதியை ஊகித்துக்கொள்ள வேண்டிய ஆங்கிலம். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது அவர் எங்கள் தமிழில்தான் பேசுகிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம். என் அயலவரின் கழகமும் வேறொரு நகரத்துக் கழகமும். அயலவர் பின்காவலர், தன்னுடைய நாயகன் ஆடிய அதே இடம். அந்த நாயகன் கோலுக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இடது கம்பத்தில், சலவை செய்த கோட்டோடு. வலது கம்பத்தில் மற்றக் கழகத்தின் அம்பயர். ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. அப்போது எதிரணி ஆள் ஒருவர் தூரத்திலிருந்து பந்தை ஓங்கி அடித்தார். அது உயர்ந்தது, இன்னும் உயர்ந்தது, என் கம்பத்தின் உச்சியையும் தாண்டி உயர்ந்து, சரியாக அந்தக் கம்பத்துக்கு மேலாலேயே பறந்து போனது.

மற்ற அம்பயரைப் பார்த்தேன். அவர் கண்ணுக்கு நேரே வெயில். தான் காணவில்லை என்று கையை விரித்துவிட்டார். விசிலோடு நின்ற மத்தியஸ்தர் என்னைப் பார்த்தார். மைதானம் முழுக்க என்னைப் பார்த்தது. கம்பத்தை வானம் வரைக்கும் வளர்த்துப் பார்த்தேன். பந்து உள்ளேதான் போயிருந்தது. அப்படித்தான் எனக்குப் பட்டது. வெள்ளைக் கொடியைக் குனிந்து எடுத்தேன். அயலவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கியபடி என் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

“வெளியால போனது. நீர் கண்டனீர்தானே, வெளியால போனது.”

நான் கொடியை உயர்த்தினேன். அந்த ஒரு புள்ளியால் அயலவரின் கழகம் தோற்றது.

கார் நிறுத்துமிடத்தில் அயலவர் என்னைக் கடந்து போனார், முதன்முதலாகக் குனிந்த தலையோடு. வழக்கமான இறைச்சி வாட்டல் நடந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் புகை மட்டும் வந்தது. மனைவிக்கு நடந்ததைச் சொன்னேன்.

“நீங்கள் கண்டனீங்களே?” என்று கேட்டார்.

“ஓம்.”

“வடிவாக் கண்டனீங்களே?”

நான் சாப்பிடத் தொடங்கினேன்.

ஞாயிறு காலை பெரியவர் ஹொட்டலிலிருந்து போன் எடுத்தார். அன்று இரவு அவருக்கு விமானம். அதற்கு முன் ஒருவரைப் பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். முகவரியைச் சொன்னபோது சிரிப்பு வந்தது. லோரன்ஸ் வீதிக்குச் சற்று வடக்கே, எங்கள் வீட்டிலிருந்து காரில் ஐந்து நிமிடத்தில் இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லம்.

காரில் ஏறியவுடன் நான் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். பந்து போன வரிக்கு நேர் பின்னால் நின்றவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். அது உள்ளே போனதா, வெளியே போனதா?

“எனக்குத் தெரியாது தம்பி. நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்.”

கடைசி நேரத்து அடியைத் தன்னால் ஒருநாளும் பார்க்க முடிந்ததில்லை என்றார். விளையாடிய காலத்திலுமா என்று கேட்டேன்.

“விளையாடேக்கை திறந்துதான் வைச்சிருந்தனான். விளையாடுறது சுகம். நிண்டு பார்க்கிறதுதான் ஏலாத வேலை.”

சிவப்பு விளக்கில் நின்றபோது, அயலவரின் பின்வளவில் ஓடும் வழக்கையும் அவரிடம் சொன்னேன். எல்லாரிலும் முரட்டு ஆட்டக்காரர் நீங்கள்தான் என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு என்றேன். அவர் சலித்துக்கொண்டார். அடிக்கிறவனை முரடன் என்று சொல்வது இலகு, அடி வாங்கிக்கொண்டு அதே இடத்தில் திரும்பவும் வந்து நிற்கிறவனைப் பற்றி யாரும் கதை கட்டுவதில்லை என்றார். பிறகு தான் பார்க்கப் போகும் ஆளைப் பற்றிச் சொன்னார்.

அந்த ஆள் வெக்ஸ்போர்ட் மாவட்டத்து முன்னணி ஆட்டக்காரர். உண்மையான வெக்ஸ்போர்ட். பெரியவரின் தோளுக்குத்தான் வருவார், அதனால் அவரைச் சின்னவர் என்று வைத்துக்கொள்வோம். பல வருடங்கள் இருவரும் ஒரே கோலுக்கு முன்னால் ஒருவரோடு ஒருவர் மோதியிருக்கிறார்கள். இவர் மறித்து விழுத்துவார். அவர் எழும்புவார், கையைப் புல்லில் துடைப்பார், இவருக்கு முன்னால் அதே இடத்தில் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நின்றதும் முதல் வேலையாக, பின்னால் பார்க்காமலே, தன் முழங்கையை இவருடைய இடது விலாவில் ஒரு இடி இடிப்பார். ஒவ்வொரு ஆட்டத்திலும், மத்தியஸ்தர் வேறு பக்கம் பார்க்கும் நேரமாகப் பார்த்து. ஒருமுறை இவர் அடித்த அடியில் அந்த ஆள் சிறிது நேரம் எழும்பவே இல்லையாம். இவருக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. பிறகு அவர் கண்ணைத் திறந்து, நல்ல அடி, இனி பந்தையும் இந்தப் பக்கம் அனுப்பச் சொல் என்றாராம்.

ஒரு வருடம் அவர் வரவில்லை. கட்டட வேலைக்குக் கனடாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவன் உயரமான பொடியன், இரண்டு தட்டுத் தட்டினால் தள்ளி நிற்பான். அந்த வருடத்தோடு தனக்கு விளையாட்டு அலுத்துவிட்டது என்றார் பெரியவர். இப்போது அந்தச் சின்னவரின் மனைவி இல்லை. மகள் கல்கரியில். அவருக்கு நினைவு போய்விட்டதை மகள்தான் போனில் சொல்லியிருக்கிறார். கோப்பை கொடுப்பதெல்லாம் சாட்டு, இதற்காகத்தான் வந்தேன் என்றார்.

இல்லத்தில் எங்களைச் சின்னவரிடம் கூட்டிப்போனவர் ஒரு தமிழ்ப் பெண். திருகோணமலைப் பக்கம். என்னைக் கண்டதும் அண்ணை என்றார். அங்கே பராமரிப்பு வேலை செய்கிறார். சின்னவர் ஜன்னலோரக் கதிரையில், மடியில் ஒரு துவாயோடு, சிறு குருவி மாதிரி இருந்தார். மெலிந்த கழுத்து, சீவிய வெள்ளைத் தலை. அந்தப் பெண் அவரோடு தமிழில் பேசினார். அப்பா, ஆர் வந்திருக்கினம் பாருங்கோ என்றார். நான் வியப்போடு பார்த்தேன்.

“இங்கிலீசில கதைச்சாலும் விளங்காது, தமிழில கதைச்சாலும் விளங்காது அண்ணை. எனக்குத் தமிழ் சுகம்” என்றார். அவர் சரியான சாது, ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காதவர் என்றும் சொன்னார்.

பெரியவர் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தன் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். தாங்கள் ஆடிய மைதானங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அடியைச் சொன்னார். சின்னவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் கதையைக் கேட்பது போல. சிறிது நேரத்தில் பார்வை ஜன்னலுக்குப் போய்விட்டது. பெரியவரின் பெரிய கைகள் மடியில் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன. நான் சுவரில் மாட்டியிருந்த மதியச் சாப்பாட்டு அட்டவணையை வாசித்தேன்.

சின்னவரை நடக்கவைக்கும் நேரம் வந்தது. அந்தப் பெண் நடைச்சட்டத்தை முன்னால் வைத்து அவரை எழுப்பி நிறுத்தினார். கால் சற்றுத் தடுமாறியது. விழுந்துவிடுவாரோ என்று பெரியவர் பட்டென்று எழும்பி அவருக்குப் பின்னால் போய், இரண்டு கைகளையும் தயாராக விரித்துக்கொண்டு, நெருக்கமாக நின்றார்.

சின்னவர் அசையாமல் நின்றார். முதுகு நிமிர்ந்தது. கால்கள் இரண்டும் மெதுவாக அகன்றன. தலை திரும்பவில்லை. வலது கையால் நடைச்சட்டத்தை இறுக்கிப் பிடித்தார். இடது முழங்கை பின்னால் போய் ஒரே இடியாக இடித்தது.

பெரியவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சுவரில் சாய்ந்தபடி குனிந்துவிட்டார். அந்தப் பெண் பதறிப்போனார். உவர் ஒருநாளும் இப்பிடிச் செய்யிறேல்லை அண்ணை, என்று என்னிடம் மன்றாடினார். நான் பெரியவரைத் தாங்கப் போனேன். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

“அதே இடம். தம்பி, அதே இடம்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பவும் போய்ச் சின்னவருக்குப் பின்னால் நின்றார். நாங்கள் தடுக்க முதல் இன்னுமொரு இடி விழுந்தது. இப்போது சின்னவரின் முகத்தைப் பார்க்கும் பக்கத்தில் நான் நின்றேன். அந்த முகத்தில் யாரையும் அடையாளம் கண்ட குறி எதுவும் இல்லை. ஆனால் மிகவும் மும்முரமாக இருந்தது, பந்து எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்க்கிற மாதிரி. தாழ்வாரம் முழுக்க இருவரும் அப்படியே நடந்தார்கள், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். அந்தப் பெண் பக்கத்தில் போய்க்கொண்டே, மெல்ல அப்பா, மெல்ல என்றார். தேநீர் வண்டி வந்த பிறகுதான் ஆட்டம் நின்றது.

திரும்பும் வழியில் கார் ஒவ்வொரு குழியிலும் விழும்போது பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொள்வதைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. இடியப்பம், சொதி, நண்டுக்கறி. நண்டு உறைப்பாக இருக்கும், கவனம் என்று மனைவி எச்சரித்தார். அவர் கண் சிவக்கச் சிவக்கச் சாப்பிட்டு, தண்ணீரையும் மறுத்து, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். கையை எட்டி வாங்கும்போது முகம் சுருங்கியதை மனைவி கண்டுவிட்டார். சேட்டைத் தூக்கச் சொன்னார். அவர் ஒன்றுமில்லை என்றார். மனைவி திரும்பவும் சொன்னார். வரலாற்றின் முரட்டுப் பின்காவலர் எங்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் எழும்பி நின்று, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலச் சேட்டைத் தூக்கினார். விலாவில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு.

எக்ஸ்ரே எடுக்காமல் விமானம் ஏறக் கூடாது என்று மனைவி தீர்ப்புச் சொன்னார். அதற்கு அம்பயர் யாரும் தேவைப்படவில்லை. நானே கூட்டிக்கொண்டு போனேன். பரிசோதித்த இளம் பெண் டொக்டர், எப்படி அடிபட்டது என்று கேட்டார். விளையாட்டில் என்றார் பெரியவர். டொக்டர் அவருடைய வயதை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. கணினித் திரையில் படம் வந்தது. விலா எலும்பொன்றில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. ஆபத்து இல்லை, பாரம் தூக்க வேண்டாம், தானாகப் பொருந்தும் என்றார்.

பெரியவர் திரைக்குக் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, அனுமதி கேட்டு, அதைப் படம் பிடித்தார். போதாதென்று இரண்டாம் முறையும் பிடித்தார்.

“விளையாடின காலம் முழுக்க அவன் இதுக்குத்தான் பாடுபட்டவன். இப்ப முடிச்சுப்போட்டான்.”

அவரைப் போல ஒரு முறிவைக் கொண்டாடிய ஆளை என் தொழிலிலும் நான் கண்டதில்லை. காருக்கு வரும் முன்னமே படத்தை அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். பின்னேரம் முழுக்க அவருடைய கைபேசி மணியடித்துக்கொண்டே இருந்தது.

அவரை வழியனுப்ப என் அயலவர் வந்தார். என்னைப் பார்க்காமல் பெரியவரோடு மட்டும் பேசினார். பெரியவர் படத்தைக் காட்டிக் கதையைச் சொன்னார். அயலவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். உலகத்திலேயே முரட்டு மனிதனின் விலாவை உடைத்தவர், அதுவும் எதிரி மாவட்டத்துக்காரர், ஐந்து நிமிடத் தூரத்தில் இருக்கிறார் என்பது அவருக்குள் இறங்க நேரம் எடுத்தது. கடைசியில் அவருக்கு யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றது நான் மட்டும்தான். அப்படித்தான் எங்கள் பேச்சு மீண்டும் தொடங்கியது. அந்தப் பந்தைப் பற்றி இன்றுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பின்வளவு வழக்கு மட்டும் கெட்டுப்போனது. அயலவர் தன் வாக்கை மாற்றிவிட்டார். எழுபது வயதுக்கு மேல் உடைத்ததைக் கணக்கில் எடுக்க முடியாது என்று குருமடக்காரரின் கட்சி வாதாடுகிறது. அயலவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டுகிறார். அவர்களிடம் அப்படி எந்தச் சாட்சியும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் இல்லாதபோது அயலவரும் நானும் சின்னவரைப் பார்க்கப் போகிறோம். அவருக்குப் பின்னால் மட்டும் நிற்பதில்லை. பெரியவர் அயர்லாந்திலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். அந்தப் பெண் கைபேசியைச் சின்னவரின் முகத்துக்கு நேரே பிடிப்பார். பெரியவர் மைதானத்தில் பேசிய அதே பேச்சைத் தொடங்குவார்: உன் காலா அது, கோழிக் காலா, உன்னை விளையாட அனுப்பினவனுக்குக் கண் தெரியாதா, அடுத்த பந்தோடு உன்னைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன் பார். இது நல்ல பகுதி. மற்றதை எழுத முடியாது. சின்னவர் கழுத்தை நீட்டிக் கேட்பார். வாயோரத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வரும்.

அந்த வேகமான ஆங்கிலம் பராமரிக்கும் பெண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

“என்ன அண்ணை சொல்லுறார்?” என்று போன கிழமை கேட்டார்.

“சுகமா இருக்கிறீரோ, வேளைக்குச் சாப்பிடுறீரோ எண்டு கேட்கிறார்” என்றேன்.

“பாவம், நல்ல மனுசன்” என்றார் அவர், கைபேசியை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தபடி.